கடைசிப் பக்கத்தில் ஒரு ‘போ’

போராட்டம்னு அந்தப் பேராசிரியர் வாயைத் தெறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. போ-ன்னு ஆரம்பிச்சாரில்ல, அடுத்த எழுத்து வர்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிட்டு வந்துருச்சு. ராட்டம்னு முடிச்சாரு. அப்பாடா. ஆனா எத்தனை நேரத்துக்குத்தான் இப்படி அப்பாடா சொல்லிட்டு உக்காந்திருக்கறது? தமிழ்ல இத்தனை போ இருக்குதுங்கறதே இன்னைக்குத்தான் தெரியுது. போற்றுதலுக்குரிய, போர்க்குணம், போதாமை, போலவே. இந்தாளு மூச்சுக்கு ஒரு போ வெச்சுப் பேசறாரு, ஒவ்வொரு போவுக்கும் நான் ஓரக்கண்ணால அம்மாவைப் பாக்கறேன். அம்மா எனக்கு அடுத்த நாற்காலியில, போத்திவிட்ட பொன்னாடையை மடிச்சு மடியில வெச்சுட்டு, மேசை மேல இருக்கற தண்ணி பாட்டிலையே பாத்துட்டு உக்காந்திருக்குது. வலது காதுல புது மிஷினு. நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி, வேண்டாம் வேண்டாம்ன அம்மாவை மெரட்டி, மாட்டிவுட்டுப் பழக்குன மிஷினு. பேன் சுத்தறது, கீழ செருப்புத் தேய்க்கறது, பந்தியில எலை விரிக்கறது அத்தனையும் அதுக்குக் கேக்கும். கெரகம், வேற என்னத்தச் சொல்ல. இன்னைக்கு ஒரு நாளைக்கு இது ரிப்பேர் ஆகக் கூடாதா? சாமி, பேட்டரி தீந்து போகட்டும், நான் பண்ணாரி அம்மனுக்கு எதையாச்சும் முடிஞ்சு வெக்கறேன். சாமி கும்படறவ மாதிரி பேசறேன் பாரு. என்ற அப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு.

அவரு படந்தான் பின்னால பேனர்ல. தோழர் கோ. மாரப்பன், தொழிற்சங்கத் தலைவர், எழுத்தாளர். ‘இரண்டாவது சங்கு’ நாவல் வந்து அம்பது வருசம், பொன்விழா. சிங்காநல்லூர்ல இருக்கற இந்தக் கல்யாண மண்டபத்துல, நேத்து எவனோ ஒருத்தன் கல்யாணத்துக்குக் கட்டுன வாழைமரத்தைக்கூட அவுக்காம, இன்னைக்கு அப்பாவுக்கு விழா. நல்ல கூட்டம். மில்லுல ரிட்டையர் ஆனவங்க, அவங்க பேரம்பேத்திக, காலேஜ் புள்ளைக ஒரு பஸ்ஸு. நாவல் அதுகளுக்குப் பாடமா இருக்குது. பேராசிரியர் ஞானசிகாமணி பேசறாரு. தலைப்பு, வாழ்வே எழுத்தாக. அவரு முடிச்சதும் நான் எந்திரிச்சு மைக்குக்கிட்டப் போயி நாவலோட கடைசிப் பக்கத்தைப் படிக்கோணும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காலமெல்லாம் பேசுன குரலாச்சே, நீங்க படிச்சா எடுப்பா இருக்கும்ங்க மேடம்னாரு விழா நடத்தற மன்றத்துச் செயலாளர் ரத்தினசபாபதி. சரின்னேன். அம்மா வரும்னு அப்ப எனக்குத் தெரியாது. எந்த விழாவுக்கும் வராத அம்மா. அப்பா பரிசு வாங்கறப்பக்கூட வீட்டுல யாராச்சும் இருக்கோணுமில்லன்னு சொல்லிட்டுக் கேட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்த அம்மா. இன்னைக்குக் காலையில தலைக்கு ஊத்திட்டு, ஊதாக் கண்டாங்கியை எடுத்துக் கட்டிட்டு, மிஷினை மாட்டிவுடு கண்ணு, நானும் வாரேன்னுது. காதுல வெக்கறப்ப நான் ரெண்டு தரம் செருமுனேன். ஏம் அம்மணி, சளி புடிச்சிருக்குதான்னு கேக்குது.

அம்மா அந்த நாவலைப் படிச்சதில்லை. பேப்பரை எழுத்து விடாமப் படிக்கும், கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துல இருந்து ஏலம் வரைக்கும். ஆனா அந்த நாவலை மட்டும் தொட்டதில்லை. கண்ணு எரியுதுங்கும். நானும் எடுத்துக் குடுத்ததில்லை. வீட்டுக்கு வர்ற வாசகர்களை முன்பக்கத்து ஆசாரத்துலயே உக்கார வெச்சு, காப்பி குடுத்து, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைங்கன்னு பொய் சொல்லி வாசலோட அனுப்பி வெச்சவ நான். ஒரு தடவை ஒரு காலேஜ் புள்ளை என்னைத் தாண்டி உள்ள ஓடிப் போயி அம்மா கால்ல உழுந்துட்டா. நீங்கதான பாட்டி அந்தத் தாய்னு அழுவாச்சி. அம்மா அவ தலையத் தடவிக் குடுத்து, யாரு பெத்த புள்ளையோ வெயில்ல வந்திருக்குது, மோரு குடு மலருன்னுது. அன்னைக்கும் தப்பிச்சோம். ஏன்னா கடைசிப் பக்கத்துல இருக்கறது இதுதான். வேலை நிறுத்தம் நடக்குது. சங்கத் தலைவரோட மகனே கருங்காலியா மில்லுக்குள்ள வேலைக்குப் போயிட்டு வீடு திரும்பறான். வாசல்ல அம்மாக்காரி நிக்கறா. அவன் தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் பார்த்தாள். ‘போ’ என்றாள். தெருமுனையில் இரண்டாவது சங்கு ஊதியது. அவ்வளவுதான், மில்லுச் சங்கோட நாவல் முடிஞ்சுது. எங்க பக்கம் எழவு வீட்டுக்கு வந்தவங்களைத் தவிர யாரையும் போ-ன்னு அனுப்ப மாட்டோம். கடைக்குப் போறவனைக்கூடப் போயிட்டு வான்னு சொல்லித்தான் அனுப்புவோம். பெத்தவ வாயில வரக்கூடாத சொல்லு. அதைப் போயி அவ வாயில வெச்சதுனாலதான் இது பெரிய நாவல்ங்கறாங்க. இருக்கட்டும், பெரிய நாவலாவே இருக்கட்டும். அன்னைக்குப் போ-ன்னு சொன்னது என்ற அம்மா இல்லை. என்ற அப்பா.

எனக்கு எட்டு வயசு. நான் அம்மா முந்தானையைப் புடிச்சுட்டு நின்னுட்டு இருந்தேன், யாரும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்ற அண்ணன் இளங்கதிர். கதிரு. அவனுக்கு மில்லுல ரிங் பிரேம் ஓட்டறதுன்னா அப்படி ஒரு ஆசை. நூலு அந்து போனா அவன் வெரலு ஒட்டற வேகத்தைப் பெரியவங்களே நின்னு பாப்பாங்களாம். மாசக்கணக்குல வேலை நிறுத்தம், கையைக் கட்டிட்டு வீட்டுல உக்காந்திருந்தான். எனக்கு வேலை செய்யோணும்ப்பான்னு ஒருநா சோத்து வட்டல் முன்னால சொன்னான். அப்பா கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு. அடுத்தநா காலையில மில்லுப் பின் கேட் வழியா போன வேன்ல ஏறிட்டான். ஒரே ஒரு ஷிப்டு. மத்தியானம் வந்தான். அவன் வாசப்படி ஏறறதுக்குள்ள அம்மா பாத்துருச்சு. ஊருல ஒருத்தன் தலையில பஞ்சு இல்லாத காலம் அது, இவன் தலையெல்லாம், புருவமெல்லாம் பஞ்சு. அம்மா அவனைச் சுவத்தோரமா இழுத்து அவசர அவசரமா அந்தப் பஞ்சைப் பொறுக்குச்சு. பேனு பாக்கற மாதிரி. ரெண்டு கையிலயும். பொறுக்கிப் பொறுக்கி ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்குச்சு. காதுக்குப் பின்னால ஒரு துணுக்கு இருந்துது, எனக்குத் தெரியுது, அம்மாவுக்குத் தெரியலை. சொல்லலாம்னு வாயெடுக்கறேன், அப்பா ஆசாரத்துல இருந்து வந்துட்டாரு. அவரு அவன் தலையைப் பாக்கலை. அந்தக் காதைத்தான் பாத்தாரு. போ-ன்னாரு. சத்தமே இல்லை. கேட் மீட்டிங்ல ஆயிரம் பேருக்கு முன்னால முழங்கற மனுசன், எனக்கே சரியாக் கேக்காத மாதிரி மெதுவாச் சொன்னாரு. கதிரு திரும்பி நடந்தான். அம்மா பின்னாலயே ஓடுச்சு, என்ற கையில இருந்து முந்தானை உருவிட்டுப் போச்சு. கேட்டுக்கிட்ட ரெண்டு பேரும் என்னமோ பேசிட்டாங்க. எனக்குக் கேக்கலை. அதோட சரி. அண்ணன் வரவே இல்லை. பம்பாயில பாத்தேன், அகமதாபாத்துல பாத்தேன்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க. அப்பா தேடிப் போயி ரெண்டு தடவை வெறுங்கையோட திரும்பி வந்தாரு.

இந்தப் பேராசிரியர் என்னவோ சொல்றாரு, கைதட்டறாங்க. என்ன சொன்னாரு? தோழர் மாரப்பனின் கதைகளில் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கின்றன, இது வருங்காலத்தின் மீது அவர் கொண்ட நம்பிக்கையின் குறியீடு. ஐயா, குறியீடும் இல்லை ஒண்ணும் இல்லைங்க. அது எங்க வீட்டுக் கேட்டு. பொழுதுக்கும் தெறந்து கெடக்கோணும்னு எங்கம்மா சட்டம். மாடு உள்ள பூந்து செடியெல்லாம் மேஞ்சுட்டுப் போகும், அப்பா எந்திரிச்சுத் தாழ்ப்பாளைத் தொட்டாப் போதும், அம்மா ஒரு பார்வை பாக்கும், அவரு கையை எடுத்துக்குவாரு. அந்தக் கேட்டைப் பாத்துட்டே எழுதுனவரு கதவைத் தெறந்து வெக்காம என்ன பண்ணுவாரு? அதே மாதிரி இப்ப இன்னொண்ணு. அவரது குட்டிக் குட்டி வாக்கியங்கள் ருஷ்ய இலக்கியத்தின் தாக்கம்ங்கறாரு. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது, இந்தப் பதட்டத்துலயும். அப்பாவுக்குப் பஞ்சு மூச்சுக்குழாயில ஏறி இளைப்பு. வாயால சொல்லிச் சொல்லித்தான் எழுதுவாரு. மூச்சு எங்க முடியுதோ அங்க புள்ளி வெப்பாரு. சம்மர்ல வாக்கியம் சித்தெ நீளமா இருக்கும், மார்கழியில ரெண்டு சொல்லுல முடிஞ்சுரும். இதைச் சொன்னா யாரு நம்பப் போறாங்க? வாழ்க்கைதான் எழுத்துன்னு இவரு சொல்றது பொய்யில்லை. ஆனா எந்த வாழ்க்கை? புத்தகத்தோட பின்னட்டையில போடறாங்களே, செறைக்குப் போனாரு, தடியடி பட்டாரு, அதுவா? இளைப்பும் கேட்டும் காதுக்குப் பின்னால ஒரு துணுக்குப் பஞ்சுமா? அம்மா கையை அசைக்குது. என்னது? ஒண்ணுமில்லை, பொன்னாடை சரிகை குத்துது, சொறியுது.

எனக்கு அப்பா மேல கோவமா? கோவந்தான். எத்தனை வருசக் கோவம். மகனைப் போ-ன்னு சொன்னதுக்குக்கூட இல்லை. அது அந்த நிமிசம். மில்லுக் கேட்டுல நிக்கற அத்தனை பேரு வவுத்துக்கும் பதில் சொல்லோணும், அந்த ஆளு வேற என்னதான் பண்ணுவாரு, நானும் சங்கத்துல இருந்தவதான், எனக்குப் புரியும். ஆனா சொன்ன சொல்லைத் தன் பேருல எழுதிருக்கலாமில்ல? எழுத்துல பொய் சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரே அவருதான். அப்பறம் எப்படிப்பா மனசு வந்துது? கட்டுனவ வாயில கொண்டு போயி வெக்கறதுக்கு? இவளுக்குத் தெரியவா போகுது, படிக்கவா போறான்னா? இதைக் கேட்டுரோணும், கேட்டுரோணும்னு நெனச்சே காலம் போச்சு. வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில தண்ணித் தொட்டி பக்கத்துல மோடாவைப் போட்டு உக்காந்து எழுதுவாரு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தா எழுதிட்டு இருக்க மாட்டாரு, சும்மா அழுதுட்டு இருப்பாரு. ஆம்பளை அழுது நான் பாத்தது அவரைத்தான். என்னைப் பாத்ததும் வெங்காயம் உரிச்சேன் கண்ணும்பாரு. கையில பேனாதான் இருக்கும். அப்படிப்பட்ட ஆளை என்னன்னு கேக்கறது? ஆஸ்பத்திரியில கடைசியாப் பாத்தப்பக்கூட, போயிட்டு வாரேன்ப்பான்னேன், வா கண்ணுன்னாரு. அப்பவும் கேக்கலை. கேக்காததையெல்லாம் வெச்சுட்டுத்தான் இன்னைக்கு நான் எடுப்பாப் படிக்கோணுமாம்.

படிக்கறதோட முடிஞ்சாத் தேவலை. அதுக்கப்பறம் ஒரு ஷீல்டு. ரத்தினசபாபதி காலையில கலர் பேப்பரைப் பிரிச்சு எனக்குக் காட்டுனாரு, பெருமையா. ‘வீரத்தாய் நாச்சம்மாள் அவர்களுக்கு’ன்னு பொன்னெழுத்துல. ஏனுங்க இது, அந்த வார்த்தை வேண்டாம்ங்களேன்னேன். ஏனுங் மேடம், பெத்த புள்ளையவே கொள்கைக்காகத் தொரத்துன தாயிங்க, வேற யாருக்குங்க போடறது, அச்சும் ஆயிருச்சுங்களேன்னாரு. கெட்ட மனுசன் இல்லை, உண்மையிலயே கண்ணு கலங்கிச் சொல்றாரு. அதான் எனக்குப் பயமே. திட்டுனாக்கூடப் பரவால்லை, எதுத்துச் சண்டை போடலாம். இவங்க கையெடுத்துக் கும்புடறாங்களே. உன்ற புள்ளையைத் தொரத்துனதுக்கு எத்தனை கைதட்டு பாருன்னு அம்மாவைப் பாத்துச் சொல்லப் போறாங்களே. அம்பது வருசமாக் கேட்டைச் சாத்தாம உக்காந்திருக்கற பொம்பளைகிட்ட. என்ன பண்ணலாம்? அந்தப் பத்தியை உட்டுட்டுப் படிக்கலாம். கூட்டத்துல பாதிப் பேருக்கு அது மனப்பாடம், உட மாட்டாங்க. போயிட்டு வான்னு மாத்திப் படிச்சுரலாம். இந்த ஞானசிகாமணி எந்திரிச்சு வந்து திருத்துவாரு. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லலாம். அப்ப அவரே படிச்சுருவாரு, ஏத்த எறக்கத்தோட. மிஷினைக் கழட்டறதுதான் வழி. ஆமா, அதுதான். சரி பண்ற மாதிரி கையைக் கொண்டு போயி, அந்தச் சின்ன மூடியை நகத்தால நெம்புனா பேட்டரி கீழ உழுந்துரும். அம்மா காதுப் பக்கம் கையைக் கொண்டு போனேன். மிஷினு கீச்சுன்னு கத்துச்சு. முன்வரிசையே திரும்பிப் பாக்குது. அம்மா என்ற கையைத் தட்டிவுட்டுட்டு, வுடு, நல்லாத்தான் கேக்குதுன்னுது. சத்தமா. கூட்டத்துல சிரிக்கறாங்க. பேராசிரியர்கூடச் சிரிச்சுட்டு, அம்மையார் ஒரு சொல்லையும் தவற விடமாட்டார்ங்கறாரு.

சிரிச்சு முடிச்ச கையோட அந்த எடத்துக்கே வந்துட்டாரு. குரலை எறக்கறாரு. அது தெரிஞ்ச குரலு, எல்லாரும் அந்த எடத்துக்கு வர்றப்ப இப்படித்தான் எறக்குவாங்க. தோழர் மாரப்பன் வாழ்ந்தார், பிறகு எழுதினார். இந்த மேடையில் வீற்றிருக்கும் இந்தத் தாய், தன் வாசலில் நின்ற தன் மகனைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழ அம்மா கையைப் புடிச்சேன். சில்லுன்னு இருக்குது. என்ற கையா, அம்மா கையான்னு தெரியலை. தலையில் பஞ்சைப் பார்த்தார். பெற்ற வயிறு பதறியிருக்கும். ஆனால் வாய் பதறவில்லை. ஒரே ஒரு சொல். போ! போன்னு அவரு மைக்குல சொன்னது மண்டபத்துச் சுவத்துல பட்டு, கடைசி வரிசை ஸ்பீக்கர்ல இருந்து மருக்கா வந்துது. போ. அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கைதட்டறாங்க. காலேஜ் புள்ளைக விசிலு. ரிட்டையர் ஆன மில்லுக்காரரு ஒருத்தரு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி அம்மாவைக் கும்புடறாரு. நான் அம்மா மொகத்தைப் பாக்கலை. பாக்க முடியலை. அந்தக் கைதட்டு நிக்கக் கூடாதுன்னும் இருக்குது, நின்னுரோணும்னும் இருக்குது. நின்னா அந்த அமைதியில அம்மா என்ன கேக்குமோ? நானா சொன்னேன்னு கேக்குமா? என்னை எதுக்குக் கண்ணு இங்க கூட்டிட்டு வந்தேன்னு கேக்குமா? கண்ணை மூடிட்டேன். மூடுனா காதுக்குப் பின்னால ஒட்டுன அந்தப் பஞ்சுதான் தெரியுது.

பேராசிரியருக்குச் சால்வை போத்தறாங்க. வரிசையா வர்றாங்க, ஆளாளுக்கு ஒரு சால்வை, ஒரு போட்டோ, நேரம் ஆகுது. மைக்குல ரத்தினசபாபதி, அடுத்ததாகத் தோழரின் மகள் மலர்க்கொடி அவர்கள்னு என்னைப் பத்தி என்னமோ சொல்லிட்டு இருக்காரு. அம்மா என்ற பக்கமாச் சாஞ்சு, நீ அந்தக் கடேசிப் பக்கத்தைத்தான படிக்கப் போறேன்னு கேட்டுது. நான் தலையாட்டுனேன். அந்தப் போ வர்ற எடத்துல தடுமாறிக்கிட்டு நிக்காத, பொசுக்குன்னு படிச்சுருன்னுது.

அம்மா, உனக்குத் தெரியுமான்னேன். என்ன தெரியுமாங்கற, என்னைக் கேட்டுட்டுத்தான எழுதுனாருன்னுது. சாதாரணமா, கொழம்புக்கு உப்புப் போட்டுட்டேன்ங்கற மாதிரி. அவன் போனப்பறம் உங்கப்பாவுக்கு ரெண்டு மூணு வருசமாச் சோறே எறங்கலை, உனக்கு ஞாபகம் இருக்குதோ என்னமோ. அந்த எடத்துக்கு வந்தா பேனா நின்னுருதுன்னாரு. ஒருநா பாத்தரம் வெளக்கிட்டு இருக்கறேன், வந்து நிக்கறாரு. நாச்சு, நான் சொன்னேன்னு எழுத முடியலை, எழுதுனா நான் செத்துருவேன், நீ சொன்னதா எழுதிக்கட்டுமான்னாரு. எழுதிக்குங்கன்னேன். புள்ளைதான் போயிட்டான், இந்தாளாச்சும் இருக்கட்டும்னு. ஊரு என்னை என்ன சொன்னா என்ன, எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். அப்பறம் எதுக்கும்மா நீ படிக்கலைன்னேன், என்ற குரலு எனக்கே வேற யாரோட குரலோ மாதிரி இருக்குது. நான் குடுத்ததை நானே எதுக்கு எடுத்துப் பாக்கோணும்? குடுத்தாச்சு. அதுவுமில்லாம நான் ஒண்ணு சொல்லியிருந்தேன் அவருகிட்ட. என்ற வாயில எதை வேணாலும் வெச்சுக்குங்க, ஆனா கேட்டுக்கிட்ட பையன் என்ன சொன்னாங்கறதை மட்டும் எழுதப்படாது, அது என்னோடதுன்னு. எழுதலைதான? எழுதலைம்மா. சங்கு ஊதறதோட முடிஞ்சுருது. நல்ல மனுசன், சொன்ன சொல்லு மாறலைன்னுது அம்மா.

என்ன சொன்னான் அண்ணன்னு கேட்டேன். அறுபது வயசுல, மேடையில, அத்தனை பேரு முன்னால, முந்தானையைப் புடிச்சுட்டு நின்ன எட்டு வயசுப் புள்ளையாட்டத்தான் கேட்டேன். அம்மா தண்ணி பாட்டிலைப் பாத்துட்டே சொல்லுச்சு. போயிட்டு வா சாமின்னேன். வாரேம்மான்னான். வேற என்னத்தச் சொல்லுவான், என்ற புள்ளை? வாரேம்மான்னுட்டுத்தான் போனான்.

மலர்க்கொடி அவர்கள், மேடம், வாங்கன்னு ரத்தினசபாபதி ரெண்டாந்தரம் கூப்புடறாரு. நான் நாவலை எடுத்துட்டு எந்திரிச்சேன். அம்மா, அந்த ஷீல்டுல வீரத்தாய்னு போட்டிருக்காங்கன்னேன், சம்பந்தமே இல்லாம. போட்டா போட்டுட்டுப் போறாங்க, உங்கப்பா போட்டோவுக்குக் கீழ வெச்சுரு, அவருக்குச் சேந்தது அதுன்னுது. சரிம்மா, நான் போறேன்னு சொல்லிட்டுத் திரும்பறேன், முந்தானையை வெடுக்குன்னு யாரோ இழுக்கறாங்க. அம்மா. மொகத்துல அப்படி ஒரு கோவம், நான் சின்ன வயசுல பாத்த கோவம். வாரேன்னு சொல்லு அம்மணி, எத்தனை தடவை உனக்குச் சொல்றது? வாரேம்மான்னேன். இழுத்த முந்தானையை உட்டுச்சு.

மைக்குக்கிட்ட வந்தேன். கடைசிப் பக்கத்தைத் தெறந்தேன். அப்பாவோட வாக்கியமெல்லாம் சின்னச் சின்னதா, மார்கழியில எழுதுனது போல, மூச்சு மூச்சா. படிச்சேன். என்ற குரலுதான், ஆனா எங்க நிறுத்தோணும்னு அவருதான் சொல்றாரு. தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் பார்த்தாள். அந்தச் சொல்லு வந்துது. பேராசிரியர் சொன்ன மாதிரி நான் சொல்லலை. அன்னைக்கு ஆசாரத்துப் படியில நின்னு அந்த மனுசன் சொன்ன மாதிரி, பக்கத்துல இருக்கற எட்டு வயசுக்காரிக்கே சரியாக் கேக்காத மாதிரி, மெதுவாச் சொன்னேன். போ. சொல்றப்ப எனக்கு அவரு மேல கோவம் இல்லை. ஐயோ அப்பான்னுதான் இருந்துது. யாரும் உடனே கைதட்டலை. பின்னால எங்கயோ ஒரு பொம்பளை மூக்கை உறிஞ்சுனா. சங்கு ஊதியதுன்னு முடிச்சுட்டு, புத்தகத்தை மூடிட்டு, கண்ணைத் தொடச்சுட்டு, கைதட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள என்ற நாற்காலிக்குத் திரும்பி வந்து உக்காந்தேன். அம்மா திரும்பிப் பாக்கலை. மேசைக்குக் கீழ என்ற கையைத் தேடிப் புடிச்சுது.

“வந்துட்டியா”ன்னுது.